பீரங்கி வண்டிக்கு அக்கா பின்னிய வலை

போன பனிக்காலம் முழுக்க, சனிக்கிழமைகளில், ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் நான் பீரங்கி ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். வீட்டில் தங்கியிருந்த அக்காவிடம் அதைச் சொல்லவில்லை.

அங்கே கூடுவது, சின்னஞ்சிறு ரயில் மாதிரிகள் செய்பவர்களின் சங்கம். பெரும்பாலும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். தமிழன் நான் ஒருவன்தான். வாரநாட்களில் பட்டறையில் லேத் மெஷினோடு நிற்பவன் என்பதால் உலோக வேலை எதுவானாலும் என்னிடம் வரும். வசந்தகாலக் கண்காட்சிக்காக, உலகப்போர்க் காலத்து இங்கிலாந்துக் கடற்கரையை மேசைமேல் எழுப்பிக்கொண்டிருந்தோம். வெண்பாறை, அதைக் குடைந்து ஒரு சுரங்கம், வெளியே கடலை நோக்கி வளைந்து போகும் தண்டவாளம். அதன்மேல் நிற்கப் போவது பீரங்கி வண்டி.

நிஜத்தில், எதிரிக் கப்பல் தென்பட்டால் எஞ்சின் அந்த வண்டியைச் சுரங்கத்திலிருந்து இழுத்து வரும். அவ்வளவு பாரமான குழலை இடம் வலம் திருப்புவது பெரும் பாடு. அதனால் தண்டவாளத்தையே வளைத்துப் போட்டிருந்தார்கள். வண்டி வளைவில் எங்கே நிற்கிறதோ, குழல் அந்தத் திசையைப் பார்க்கும். சுட்டதும் வண்டி முழுவதும் பின்னுக்கு உருளும். விமானங்கள் தேடி வருமுன் மறுபடி சுரங்கத்துக்குள் போய்விடும். சங்கத் தலைவரின் தகப்பனார் அப்படியொரு வண்டியில் வேலை செய்தவராம். தலைவர் விவரிக்க விவரிக்க எனக்கு மெய் சிலிர்த்தது. ஒரு சாண் நீளக் குழலைப் பித்தளையில் கடைந்தேன். அதுபோல நுணுக்கமாக வேறெதையும் நான் செய்ததில்லை.

அக்கா ஊரிலிருந்து விசிற்றர் விசாவில் வந்து, ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டில் இருந்தாள். வன்னிக் கடற்கரையில், சண்டையின் கடைசி நாட்களில், பங்கருக்குள் விழுந்த ஷெல்லில் அத்தான் செத்துப்போனார். அக்காவின் இடது காதும் அன்றோடு போயிற்று. அப்போது நான் ரொறன்ரோவில் ஷிப்ட் மாறி ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த நாளைப் பற்றி அவள் பேசியதில்லை. நான் கேட்டதுமில்லை.

பீரங்கியை மறைக்க உருமறைப்பு வலை தேவைப்பட்டது. கடையில் வாங்கியது முரடாக இருந்தது. அக்காவின் கை குரோஷே ஊசியை விட்டு ஓயாது. மெல்லிய நூலைக் கொண்டுபோய்க் கொடுத்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு வலை பின்னித் தரக் கேட்டேன்.

"என்னத்துக்கு?"

"சின்னக் கடற்கரை ஒண்டு செய்யிறம் அக்கா. மீன் வலை."

அந்தப் பொய் எனக்கே வியப்பாகும்படி இலகுவாக வந்தது. அவள் உற்சாகமாகிவிட்டாள். பாரமில்லாவிட்டால் வலை தாழாது என்று, பின்னி முடித்ததும் ஓரம் முழுக்கக் கடுகளவு மணிகளைக் கோத்துக் கட்டினாள். அவளுக்குக் கண் வேறு மங்கல். சங்கத்தில் நான் அந்த மணிகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, வலைக்குப் பச்சையும் மண்நிறமும் பூசி, குழலின் மேல் விரித்தேன்.

கண்காட்சியன்று என் மகள் அக்காவைக் காரில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்கும் மீன் வலை என்றுதான் தெரியும். "மாமி பின்னின நெற்றை மாமி பாக்க வேண்டாமா, அப்பா? சேர்ப்ரைஸ்!" என்றாள்.

அவர்கள் மேசைக்கு வந்து நின்ற நேரம் பார்த்து யாரோ பொத்தானை அழுத்தினார்கள். குழல் வாயில் வெளிச்சம் மின்னியது. ஒலிபெருக்கி அதிர்ந்தது. வண்டி பின்னுக்கு உருண்டது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அக்கா திடுக்கிடவில்லை. குனிந்து, வலையின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"மணியளை வெட்டிப்போட்டாய்," என்றாள்.

இது கரையைக் காவல் காக்கிற பீரங்கி, சனத்தை நோக்கிச் சுடுவதல்ல, கப்பல்களை மட்டும்தான் என்று வேகவேகமாக விளக்கினேன்.

"ஓம். கப்பலிலையும் ஆக்கள் இருப்பினம் என்ன," என்றாள். குத்திக்காட்டும் தொனியே இல்லை. பிறகு குழலைப் பார்த்துச் சொன்னாள்: "வடிவாச் செய்திருக்கிறாய், தம்பி. சின்னனிலையும் நீ உப்பிடித்தான்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நானும் அவர்களோடு புறப்பட்டேன். மகள் ஓட்டினாள். பின்சீற்றில் அக்காவின் வலப்பக்கம், கேட்கும் காதின் பக்கம், உட்கார்ந்து, பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷெல் வெளிக்கிடுற சத்தம் ஒண்டு முதல் கேக்கும். பிறகு ஒண்டும் கேக்காது. அந்த இடைக்குள்ளதான் உன்ர அத்தான் எனக்கு மேலை விழுந்து படுத்தவர். ஷெல் விழுந்த சத்தம் எனக்குக் கேக்கவேயில்லை."

மகள் காரை ஓரமாக நிறுத்தினாள்.

அடுத்த சனிக்கிழமை தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. பீரங்கியையே எடுத்துவிடலாம், சுரங்கமும் பாறையும் போதும் என்றார். அந்தக் கணத்தில் ஓம் என்று சொல்லியிருக்கலாம். வேண்டாம், வலையை மட்டும் எடுப்போம் என்றேன். நான் செய்தவற்றில் ஆகச் சிறந்தது அந்தக் குழல். அதைப் பெட்டிக்குள் வைக்க மனம் வரவில்லை.

வலையிலிருந்த நிறத்தைக் கழுவப் பார்த்தேன். நூல் இற்றுப்போய்விட்டது.

அக்கா ஊருக்குத் திரும்பும் வரை, வேலை முடிந்து வந்து அவளோடு தேநீர் குடிப்பது என் வழக்கமாயிற்று. அத்தானைப் பற்றிக் கேட்டேன். அவர் கோபக்காரர், ஆனால் நன்றாகப் பாடுவார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. அவள் சொல்லச் சொல்ல முகம் இளகும்.

இலையுதிர் காலத்தில் பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில் இன்னொரு கண்காட்சி. சனம் கூடுமுன், சரிபார்ப்பதற்காக நானே பொத்தானை அழுத்தினேன். வண்டி வளைவில் துளியும் தடங்காமல் பின்னுக்கு உருண்டது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. போனில் அவள்தான், ரயில் வேலை எப்படிப் போகிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாள்.