பாட்டுப் பாடிய பாட்டி

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறேன் என்று தெரிந்ததும் காஞ்சிபுரத்தில் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பொழுது எப்டிமா போவுது?" பொழுது போகிறதா! ஏழு வயது மகளுக்கு நான் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டரை வயது மகன் கடலைமாவு டப்பாவுக்குள் தலையை விட்டிருப்பான். அவனைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் மகள் கழித்தலை விட்டுவிட்டு அவனுடைய மூக்கில் எவ்வளவு மாவு இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள்.

நாள் முழுக்க இப்படிப் பிள்ளைகளோடு கிடந்ததில் எனக்கு ஒரு ஞானம் வந்திருந்தது. குழந்தைகளுக்கென்று விற்கிற சாமான்களில் எது தேறும், எது தேறாது என்கிற ஞானம். எங்கள் தெருவைச் சுற்றியுள்ள அம்மாக்கள் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். மகன் மதியம் தூங்கும்போது அதில் நான் தினமும் ஒரு யோசனை பேசி அனுப்புவேன். அவன் விழித்துவிடக் கூடாதே என்று கிசுகிசுவென்றுதான் பேச முடியும். அதனாலேயோ என்னவோ, கேட்கிறவர்களுக்கு அது ஏதோ பரம்பரை மருத்துவ ரகசியம்போலப் பட்டது.

"சிந்தாத டம்ளர்னு விக்கிறதெல்லாம் சிந்தும். சின்ன எவர்சில்வர் டம்ளர்ல கால்வாசி ஊத்திக் குடுங்க. சிந்தினாலும் கால்வாசிதான் சிந்தும்."

"காந்த எழுத்து வாங்காதீங்க. எங்க வீட்ல 'ழ்' மட்டும் ஃபிரிட்ஜுக்கு அடியில போயிடுச்சு. இப்போ நாங்க 'தமி' தான் படிக்கிறோம்."

"குழந்தைக் கத்தரிக்கோல் பேப்பரை வெட்டாது. முடியை நல்லா வெட்டும்."

"பட்டன் வச்ச டவுசர் வேணாம். எலாஸ்டிக் வச்சதா வாங்குங்க. அவசரத்துக்குத் தானே இறக்கிக்குவாங்க."

எல்லாமே நானே பட்டுத் தெரிந்துகொண்டவை. ஆகையால் என் பேச்சுக்கு ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதை உச்சத்தில் இருந்த சமயத்தில்தான் யானை வந்தது.

யானை என்றால் நீல நிற பிளாஸ்டிக் யானை. முதுகில் பள்ளம் வைத்து, குழந்தைகள் உட்கார்ந்து ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகப் பழகுவதற்காகச் செய்தது. ஈரம் பட்டால் அடியிலிருந்து ஒரு பாட்டு வரும். வார்த்தை எதுவும் கிடையாது, டிங்டிங் என்று ஒரு மெட்டு மட்டும். அதுவரை என் மகன் குளியலறையைத் தவிர வீட்டின் எல்லா இடங்களையும் உபயோகித்துக்கொண்டிருந்தான். வேறு வழி தெரியாமல்தான் இணையத்தில் அதை வரவழைத்தேன்.

முதல் முறை பாட்டு வந்ததும் அவன் பாதியிலேயே எழுந்து, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தான். மறுமுறை கைதட்டினான். அப்புறம் பாட்டுக் கேட்பதற்காகவே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்க ஆரம்பித்தான். பாட்டு முடியும்வரை எழுந்திருக்க மாட்டான். கச்சேரிக்கு வந்த பெரிய மனிதர்போல முழங்கால்மேல் கைவைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பான். ஒரே வாரத்தில் வீட்டுத் தரை காய்ந்துவிட்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மகன் தூங்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் குழுவில் எழுதியே போட்டுவிட்டேன்: "எங்க வீட்டுப் பாட்டி சூப்பரா பாடுது. பையன் பாட்டி மேல உக்காந்தா எழுந்திருக்கவே மாட்டேங்கிறான்."

உடனே ஓர் அம்மாவிடமிருந்து பதில் வந்தது: "உங்க ஆயாவாப்பா? இந்த வயசுல பாடுறாங்களா! எங்க வூட்டு கொலுவுக்கு வருவாங்களா கேளுங்களேன்."

ஆங்கிலத்தில் அந்தச் சாமானுக்கு இருக்கும் 'potty' என்கிற பெயரைத் தமிழில் எழுதினால் இப்படி ஓர் ஆபத்து உண்டென்று எனக்கு அதற்குமுன் தோன்றவில்லை. படம் எடுத்துப் போட்டு விளக்கினேன். ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் தெருவில் அதற்கு அன்றிலிருந்து 'பாட்டுப் பாட்டி' என்றே பேர்.

முதலில் வாங்கியது எங்கள் கீழ்வீட்டுப் பெண். அவள் கணவர் பட்டுக் கடைகளுக்குச் சரிகை கொடுக்கிற வியாபாரி. அவர்களுக்கு என் மகனைவிட இரண்டு மாதம் பெரியவளாக ஒரு மகள். அந்த வீட்டிலும் யானை வந்த வேகத்தில் தரை காய்ந்தது. "ஒங்களுக்கு துவா பண்றேன்கா," என்று ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தனுப்பினாள். அதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் வாங்கினார்கள்.

எங்கள் தெருவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கல்யாணப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வேன் வேனாக ஆட்கள் வருகிற தெரு. உள்ளே வந்த வேன் திரும்ப இடம் கிடையாது. வந்த வழியே பின்னால்தான் போக வேண்டும். பின்னால் போகும்போது ஒரு ஹாரன் தானாக அடிக்குமே, அதில் ஒரு மெட்டு வரும். எனக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்து எத்தனையோ வருஷமாகிறது. மின்விசிறிச் சத்தம்போல அது பாட்டுக்கு இருக்கும்.

என் மகனுக்கு விழுந்தது.

ஒரு நாள் காலை தோசையை வெட்டி மகளுக்கு அரை, கால் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு வேன் பின்னால் போனது. மகன் அடுக்கிக்கொண்டிருந்த கட்டைகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய் யானைமேல் உட்கார்ந்தான். தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த வேனுக்கும் போனான். அதற்கடுத்த வேன் வந்தபோது யானையைக் கழுவி மொட்டைமாடியில் காயவைத்திருந்தேன். அவன் கைக்கு எட்டியது அரிசி அளக்கிற படி.

படியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கீழ்வீட்டுப் பெண் போன் செய்தாள்.

"அக்கா, ஒங்க வூட்ல வேன் சத்தம் கேட்டா..."

"கேட்டா?"

"தம்பி எங்கியாவது ஒக்கார்றானா?"

"எம்மா, பாப்பாவுமா?"

"இன்னிக்கி என் ஹேண்ட்பேக் மேல ஒக்காந்துட்ச்சுகா."

யானையும் வேனும் ஒரே மெட்டைப் பாடுகின்றன என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. அது முகூர்த்த மாதம் வேறு. காலையிலிருந்து வேன் வந்துகொண்டேயிருக்கும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைபார்க்கும் என் கணவர் வீட்டுக்கு வந்ததும் முறையிட்டேன். அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் சிரித்தார். "நீ இத்தினி நாளா சொல்லிக் குடுத்ததுலயே இதாம்மா உருப்படியா ஏறியிருக்குது."

அவருக்கு ஓர் அக்கா இருக்கிறார். தென்னேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. நான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருப்பது அண்ணிக்குச் சொந்த அவமானம். என்னிடம் நேராகச் சொல்ல மாட்டார். பிள்ளைகளிடம், "இன்னிக்கி திங்கக்கிழமையாச்சே, எல்லாரும் ஸ்கூலுக்குப் போயிருப்பாங்களே?" என்பார். அந்த அண்ணிதான் தன் மகளின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அதே முகூர்த்த மாதத்தில் வந்து இறங்கினார்.

கீழ்வீட்டுப் பெண்ணும் கூட வந்தாள். அவள் கணவர் சரிகை கொடுக்கிற கடைக்கே போனால் நல்ல புடவையாக எடுத்துப் போடுவார்கள் என்று ஏற்பாடு. கிளம்புமுன் இரண்டு பிள்ளைகளையும் குளியலறைக்கு அழைத்துப்போய் வந்தோம். அதிலெல்லாம் நாங்கள் குறை வைக்கவில்லை. ஆனால் கடையில் பெரியவர்களுக்குக் காபியும் சின்னவர்களுக்கு ரோஸ் மில்க்கும் கொடுத்தார்கள். ரோஸ் மில்க் வந்த டம்ளர் சின்ன டம்ளர் அல்ல. கால்வாசியும் ஊற்றவில்லை.

வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் எல்லோரும் உட்கார்ந்தோம். வெள்ளை வேட்டி கட்டிய விற்பனைக்காரர் புடவைகளை ஒவ்வொன்றாக உதறி விரித்தார். அண்ணிக்கு மாம்பழ நிற உடலும் அரக்குக் கரையும் வேண்டும். அந்த மாம்பழம் நன்றாகப் பழுத்திருக்க வேண்டும், ஆனால் கனிந்துவிடக் கூடாது. மெத்தை கொள்ளாமல் பட்டு குவிந்தது. காலிப் புடவைப் பெட்டிகளும் மூடிகளும் ஓரமாகக் கிடந்தன.

"இது பாருங்கம்மா, கோர்வை. ஒடம்பு தனி, கர தனி. கையால கோத்தது," என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு வேன் பின்னால் வர ஆரம்பித்தது.

நானும் கீழ்வீட்டுப் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்தோம். பார்த்த நேரத்தில் பிடித்திருக்கலாம். பிள்ளைகள் இருவரும் எழுந்துவிட்டார்கள். என் மகன் ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்தான், அவள் மகள் ஒரு மூடியை. எலாஸ்டிக் டவுசர் எவ்வளவு நல்ல யோசனை என்று அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. கண் இமைப்பதற்குள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில், முழங்கால்மேல் கைவைத்து, கச்சேரியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"பாப்பா, அது பொடவப் பொட்டிப்பா!" என்று அலறிய விற்பனைக்காரர், மறுகணமே இரண்டு கைகளையும் அகல விரித்து மெத்தையில் கிடந்த அத்தனை பட்டையும் ஒரே அணைப்பில் வாரி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். அவர் மூக்குக்குக் கீழே எதுவும் தெரியவில்லை, எல்லாம் மாம்பழ நிறம்.

"யா அல்லா," என்று கீழ்வீட்டுப் பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வாசலில் வேன் சிக்கிக்கொண்டது. "வா வா வா... லெப்டுல ஒடி... நில்லு நில்லு... திருப்பி வா," என்று யாரோ வழிகாட்ட, மெட்டு மறுபடி மறுபடி ஆரம்பித்தது. பாட்டு முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது என்பது பிள்ளைகளின் கொள்கை. கடை முழுவதும் கையில் பிடித்த புடவையோடு காத்திருந்தது.

என் மகளுக்குப் பொதுமக்களின் கவலை பொறுக்கவில்லை. எழுந்து நின்று விளக்கினாள். "பயப்படாதீங்க அங்கிள். பாட்டு நின்னா அவங்களே எழுந்துடுவாங்க. எங்க அம்மா சொல்லிக்குடுத்தது."

பக்கத்து மெத்தையிலிருந்த ஓர் அம்மாள் நிஜமான ஆர்வத்தோடு கேட்டார். "எந்த ஸ்கூல்மா?"

"ஸ்கூல் இல்ல ஆன்ட்டி. வீட்லயே!"

நான் அண்ணியைப் பார்க்கத் துணியாமல் மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெத்தை லேசாக ஆடியது. நிமிர்ந்தால் அண்ணியின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறார் என்றே நினைத்தேன். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தவர் முடியாமல் விட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

"இத்தினி வருஷமா ஸ்கூல்ல பெல் அடிச்சிக்கினு இருக்கேன்," என்று மூச்சு வாங்கினார். "பெல் அடிச்சா ஒரு புள்ள ஒழுங்கா போயி எடத்துல ஒக்காந்ததில்ல. நீ இன்னாடான்னா வேன் ஹாரனுக்கே ஒக்கார வச்சிக்கிறியேம்மா!"

வேன் ஒருவழியாகக் கிளம்பியது. பிள்ளைகள் எழுந்து டவுசரை ஏற்றிக்கொண்டு மிச்சமிருந்த ரோஸ் மில்க்கைத் தேடினார்கள். ஒரு புடவையிலும் ஒரு சொட்டுப் படவில்லை. அந்த அட்டைப் பெட்டியும் மூடியும்கூட ஒழுகவில்லை. குழந்தைச் சாமான்களில் நான் மனதாரப் பாராட்டியும் குழுவில் சொல்லாமல் விட்டது அந்தப் பெட்டி ஒன்றைத்தான். விற்பனைக்காரர் அவற்றைத் தட்டில் தீர்த்தம் கொண்டுபோவதுபோல நிதானமாகப் பின்பக்கம் எடுத்துப் போனார். நாங்கள் மன்னிப்புக் கேட்டபோது, "கொயந்தைங்கதானேம்மா," என்றார். ஆனால் அதன்பின் விரித்த புடவைகளை நின்றுகொண்டே விரித்தார், ஒரு கண்ணை வாசலில் வைத்தபடி.

அண்ணிக்கு விற்பனைக்காரர் நெஞ்சில் அணைத்திருந்த குவியலிலிருந்தே சரியான மாம்பழம் கிடைத்தது. எடுத்து முடித்ததும் அண்ணி சொன்னார்: "பையில போட்டுக் குடுங்க. பொட்டி வேணாம்."

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் யானையைக் கவிழ்த்து பேட்டரியைக் கழற்றினார். அதோடு தீரும் என்று நினைத்தோம். மகன் ஊமை யானைமேல் உட்கார்ந்து எங்களையே பார்த்தான். யானையின் தலையில் தட்டிப் பார்த்தான். பாட்டு வராமல் அவனுக்கு எதுவும் வரவில்லை. கடைசியில் நான் முணுமுணுத்தேன். வந்தது. என் கணவர் ஒருமுறை பாடினார். மகன் பாதியில் எழுந்து போய்விட்டான். அவர் சுருதி அப்படி.

என் மகள் ஒரு யோசனை சொன்னாள். மெட்டை மறக்கடிக்க வேறு எதையாவது சொல்ல வேண்டும். அவன் யானைமேல் உட்காரும்போதெல்லாம் அவள் இரண்டாம் வாய்ப்பாடு சொன்னாள். "ஈரெண்டு நாலு, மூவிரண்டு ஆறு..." இரண்டு நாளில் அவன் பழகிவிட்டான். மூன்றாம் நாள் அவள் பாடமாக உட்கார்ந்து இரண்டாம் வாய்ப்பாட்டை ஒப்பித்தாள். அவன் எழுந்து படியைத் தேடினான். அத்துடன் வாய்ப்பாட்டையும் நிறுத்தினோம்.

அப்புறம் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் பலித்தது என்று இப்போது தோன்றுகிறது. கொஞ்ச நாளில் தேவைப்பட்டபோது அவனே போக ஆரம்பித்தான், பாட்டில்லாமல், பெரியவர்கள் போலவே. ஒரு நாள் காலை வேன் பின்னால் போனது. நானும் மகளும் ஆளுக்கொரு பாத்திரத்தோடு ஓடினோம். அவன் தோசையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வேன்," என்று மட்டும் சொன்னான்.

நான் அன்று மதியம் குழுவில் கிசுகிசுத்தேன்: "பாட்டுப் பாட்டி வச்சிருக்கிறவங்க பேட்டரிய மட்டும் கழட்டிடுங்க. மத்தபடி உக்கார வசதியாதான் இருக்கு." சாயந்திரம் கீழ்வீட்டுப் பெண்ணைப் படிக்கட்டில் பார்த்தேன். பாப்பா சரியாகிவிட்டாளா என்று கேட்டேன்.

"அவ போன வாரமே சரியாய்ட்டாகா," என்றாள். உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் அந்த மெட்டை நல்ல ராகமாக இழுத்துக்கொண்டிருந்தது. "எங்க வூட்டுக்காரருதான். பாப்பாவுக்குப் பாடிப் பாடி கத்துக்கினாரு. இப்ப நிறுத்த மாட்டேங்குறாரு."