உறிஞ்சிக் கெடுத்த தாள்

சேலையூரைத் தாண்டி இருந்த ஒரு சிறிய காகித ஆலையில், எண்பதுகளின் கடைசியில் நான் தரப் பரிசோதகராக இருந்தேன். பழைய காகிதத்தைக் கூழாக்கிப் பள்ளி நோட்டுகளுக்குத் தாள் செய்தோம். ஓடும் கம்பிவலைமேல் கூழ் விழும். முதலில் தண்ணீர் தானாக வடிய வேண்டும். பிறகுதான் வலைக்கு அடியிலுள்ள உறிஞ்சு பெட்டிகள் மிச்சத்தை இழுக்க வேண்டும். கடைசியில் உருளைகள் பிழியும்.

புதிதாக வந்த மேனேஜருக்கு அவசரம் மட்டும்தான் தெரியும். மெஷினின் வேகத்தைக் கூட்டினார். ஈரம் போகவில்லை என்றதும் முதல் பெட்டியிலேயே உறிஞ்சலை முழுதாகத் திறந்துவிட்டார். மெல்லிய இழைகளெல்லாம் தண்ணீரோடு வலை வழியே ஓடிப்போயின. தாளின் மேல்பக்கம் வழவழப்பு, கீழ்ப்பக்கம் சொரசொரப்பு. அதில் பேனா வைத்தால் மை பரவியது.

"இதை நோட்டுக்கு அனுப்பக் கூடாது சார்."

"பேப்பர் பேப்பர்தாம்மா. பசங்க கிறுக்கறதுக்கு இது போதாதா?"

அந்தப் பசங்களில் என் மகளும் ஒருத்தி. ஒரு மாலை உள்ளங்கை சிவந்து வந்து நின்றாள். மையை அப்பி எழுதுகிறாள் என்று டீச்சர் அடித்திருந்தார். நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கம் எழுத்து பளிச்சென்று இருந்தது. திருப்பினால் ஒவ்வோர் எழுத்தும் ஊறிப் பரவியிருந்தது. விரலால் தடவியதுமே எங்கள் தாள் என்று தெரிந்துவிட்டது. எனக்குப் பற்றி எரிந்தது.

மறுநாள் காலை டீச்சர் கண்ணெதிரே ஒரே பேனாவால் இரண்டு பக்கமும் கோடு போட்டுக் காட்டினேன்.

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"அடிக்கறதுக்கு முன்னாடி அவளைக் கேட்டிருக்கலாமே!"

அதே கோபத்தோடு ஆலைக்குப் போய், வேகத்தையும் உறிஞ்சலையும் குறைக்கும்படி மெஷின் ஓட்டுகிறவரிடம் சொன்னேன்.

"மேனேஜர் வந்து கத்துவாரே, இன்னாக்கா பண்றது?"

"கத்தட்டும். நான் சொன்னேன்னு சொல்லுங்க."

கொஞ்ச நேரத்தில் தாள் இரண்டு பக்கமும் சீராக வந்தது. மேனேஜரும் வந்தார்.

"மெஷின்ல கை வைக்க நீங்க யாரு?"

"இந்தத் தாளால என் பொண்ணு அடி வாங்கியிருக்கா சார்."

"இங்க் மட்டமா இருந்திருக்கும்."

உறிஞ்சு பெட்டியின் வால்வு மறுபடியும் முழுதாகத் திறக்கப்பட்டது. என்னைக் கழிவுக் காகிதம் பிரிக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். அன்றே வேலையை விட்டேன்.

சில மாதங்களில் பல்லாவரத்து நோட்டு வியாபாரிகள் லோடு லோடாகத் தாளைத் திருப்பி அனுப்பினார்களாம். அதன் பிறகு மேனேஜர் தாமாகவே வேகத்தைக் குறைத்தாராம். வியாபாரிகளிடம் கைகட்டி மன்னிப்பும் கேட்டாராம். என் மகளிடம் இன்றுவரை யாரும் கேட்கவில்லை.