நான் ஓட்டாத கார்

என்னை நினைத்தே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். உத்தமபாளையத்தில் நிற்கும் என் காரை, நான் இல்லாதபோது என் மனைவியின் தம்பி ரஃபீக் ஓட்டுவான். போன வருடம் மார்க்கையன்கோட்டை திருப்பத்தில், வாழைத்தார் ஏற்றி நின்ற டிராக்டரில் மோதிவிட்டான். அவனுக்குக் காயமில்லை. காரின் முன்பக்கம் நொறுங்கிவிட்டது.

ஒர்க்‌ஷாப்காரர் போனில் எடுத்த எடுப்பிலேயே, "இன்சூரன்ஸா, கைக்காசாண்ணே?" என்றார். இன்சூரன்ஸ் என்றேன்.

"அப்ப ஓனரே ஓட்டுனதா எழுதிருவோம். கேள்வியே வராது. எல்லாரும் அப்படித்தான் எழுதுறாக."

"என் கையெழுத்து வேணுமே?"

"அதை நாங்களே போட்டுக்கிருவோம்."

வேலை அவசரத்தில் சரி என்று சொல்லிவிட்டேன்.

பத்து நாள் கழித்து இன்சூரன்ஸ் அலுவலகப் பெண் ஒருவர் என் ஷார்ஜா எண்ணுக்கே அழைத்தார். "வண்டிய நீங்கதான் ஓட்டுனீகளா சார்?"

கூசாமல் "ஆமா" என்றேன்.

"நம்பர் வெளிநாட்டு நம்பரா இருக்கே. ஊருல இருந்து எப்பக் கிளம்புனீக? பாஸ்போர்ட்டுல அந்த முத்திரைய போட்டோ எடுத்து அனுப்புங்க."

விபத்து நடந்த அன்று நான் ஊரிலேயே இல்லை என்பதை அந்த முத்திரையின் தேதியே காட்டிக்கொடுத்தது. கிளெய்ம் தள்ளுபடியானது. பழுதுச் செலவு முழுவதும் என் தலையில் விழுந்தது. "ஆமான்னு சொன்னது நீங்கதானண்ணே" என்று ஒர்க்‌ஷாப்காரர் சிரிக்கிறார். இதைவிடக் கேவலம், ரஃபீக்கிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தது. அவன் பெயரை எழுதியிருந்தாலே பணம் வந்திருக்கும்.

இப்போது கிளெய்ம் ஃபாரத்தை எனக்கு அனுப்பச் சொல்லி, வரிவரியாகப் படித்த பிறகு நானே கையெழுத்துப் போடுகிறேன். போன மாதம் பின்கண்ணாடி உடைந்தபோது, ஓட்டியவர் என்ற இடத்தில் ரஃபீக் பெயரையே எழுதினேன்.

ஒரு கேள்விகூட வரவில்லை.