எழுந்து இடம் விடும் வேலை

டார்லா ஹென்ஷா ஆறு வருடம் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு தீர்ப்பும் சொன்னதில்லை. வாயைத் திறந்ததுகூட இல்லை. திறந்தால் லைட்மேன் கத்துவான்.

பர்பாங்க் ஸ்டுடியோவில் நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது குடும்ப நீதிமன்ற நீதிபதி ஒருத்தியைப் பற்றிய தொடர். வாரம் ஒரு வழக்கு. வழக்கு முடிந்து வீட்டுக்குப் போனால் சமையலறையில் அவளுடைய அப்பா, இரண்டு பிள்ளைகள், வேலைவெட்டி இல்லாத தம்பி. அங்கே இன்னொரு பஞ்சாயத்து. கதை நடப்பது கிழக்கே குளிர்ப் பிரதேசத்தில். அதனால் ஆகஸ்ட் வெயிலில் சோப்பு நுரையைப் பனி என்று தூவிவிட்டு, நடிகர்களைக் கம்பளிக் கோட்டுக்குள் வேகவைப்போம். நீதிபதியாக நடித்தவள் கேத்லீன். அவளுடைய கறுப்பு அங்கிக்கு இஸ்திரி போட்டது நான்: அனூஷ் தெர்சியன், க்ளென்டேல்காரி, ஆர்மீனியச்சி, வாய் கொஞ்சம் நீளம்.

ஒரு ஷாட்டுக்கு விளக்கு வைக்க நேரம் பிடிக்கும். அதுவரைக்கும் நட்சத்திரம் உட்கார்ந்திருக்காது. அவள் உயரமும் அவள் முடி நிறமும் உள்ள வேறொருத்தி அந்த இடத்தில் உட்கார வேண்டும். மூக்கின் நிழல் எங்கே விழுகிறது, நெற்றி பளபளக்கிறதா என்று பார்த்துப் பார்த்து விளக்கை நகர்த்துவார்கள். அதற்கென்றே இருந்தவள் டார்லா. அவளுக்கும் ஒரு அங்கி உண்டு, உள்பக்கம் லைனிங் துணி இல்லாத மட்ட ரகம். விளக்கு சரியானதும் உதவி இயக்குநர் "முதல் அணி!" என்று குரல் கொடுப்பான். முதல் அணி என்றால் நடிகர்கள். அந்தக் குரல் முழுசாக வெளியே வருவதற்குள் டார்லா எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி, சுவர் ஓரமாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பாள். கேத்லீன் வந்து உட்காரும்போது நாற்காலி இன்னும் சூடாக இருக்கும்.

அந்தப் பழக்கம் அவள் எலும்பில் ஏறிவிட்டது. பேருந்தில், உணவகத்தில், தேவாலயத்தில், எங்கே யார் புதிதாக வந்தாலும் எழுந்துவிடுவாள். என் மகள் கல்யாணத்தில் அவளுக்கென்று முன்வரிசையில் இடம் போட்டிருந்தேன். தாமதமாக வந்த என் கொழுந்தனாருக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றபடி சாப்பிட்டாள்.

"ஏன் டார்லா ஜான், உனக்கு உக்கார்ற எடத்துல முள்ளா குத்துது?" என்று கேட்டேன். ஜான் என்றால் எங்கள் ஆர்மீனிய மொழியில் கண்ணே என்று அர்த்தம்.

"அவர் பெரியவர் அனூஷ். கால் வலிக்கும்ல."

"அந்த ஆளு வாரம் மூணு நாள் டென்னிஸ் ஆடுறான்டி!"

அவள் சிரித்துக்கொண்டே திராட்சை இலையில் சோற்றைச் சுருட்டிய தோல்மா இன்னொன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு இதில் வருத்தமே கிடையாது. பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து நடிக்க வந்தவள். நாய் பிஸ்கட் விளம்பரம் ஒன்றில் தலை காட்டியதோடு சரி. இருந்தாலும் காலையில் செட்டுக்குள் நுழையும்போது திருவிழாவுக்கு வந்த பிள்ளை மாதிரி முகம் மலர்ந்திருக்கும். "நல்ல வேலை, நல்ல ஜனங்க, உக்கார வச்சுச் சம்பளம் குடுக்குறாங்க. வேற என்ன வேணும்?" என்பாள். எனக்குத்தான் அவளுக்காக வயிறு எரியும்.

அவளுக்கு ஒரு தங்கை, ட்வைலா. பன்னிரண்டு வயது இளையவள். கார் விபத்தில் முதுகு அடிபட்டு, வலிக்கென்று மாத்திரை சாப்பிட ஆரம்பித்து, பிறகு வலி போயும் மாத்திரை போகவில்லை. ட்வைலாவின் மகள் டெஸ்ஸா மூன்று வயதில் டார்லாவின் வீட்டுக்கு வந்தாள். சமூக நலத்துறைப் பெண் ஒருத்தி கொண்டுவந்து விட்டாள். தங்கை தேறி வரும்வரைக்கும், கொஞ்ச நாளைக்கு, என்று ஏற்பாடு.

கொஞ்ச நாள் மூன்று வருடமானது. ட்வைலா தேறுவாள், விழுவாள், மறுபடி தேறுவாள். டெஸ்ஸாவுக்குத் தட்டம்மை போட்டபோது ராப்பகலாகப் பக்கத்தில் இருந்தது டார்லா. பள்ளிக்கூட நாடகத்துக்குப் பூசணிக்காய் உடை வேண்டுமென்று என்னிடம் வந்து நின்றதும் டார்லா. ஆனால் அந்தக் குழந்தை ஒருநாள் விளையாட்டாக அவளை "மம்மி" என்றபோது, உடனே மண்டியிட்டு, "நான் டார், கண்ணு. மம்மி வந்துக்கிட்டே இருக்காங்க" என்று திருத்தினாள். குழந்தை தூங்கிய அறைக்குச் வர்ணம்கூட அடிக்கவில்லை. கேட்டால், அது போய்விடும்போது வெறும் சுவரைப் பார்க்க லேசாக இருக்குமாம்.

"உனக்கு மூளை இருக்கா? அது உன் பிள்ளைடி!" என்று கத்தினேன்.

"இல்ல அனூஷ். ட்வைலா வர்ற வரைக்கும் அந்த எடத்துல நிக்கிறேன். அவ்வளவுதான்."

அந்த ட்வைலாவை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவளை ஆர்மீனிய மொழியில் திட்டுவேன். ஆத்திரம் அடங்காத நாட்களில் பெய்ரூட்டில் கற்ற அரபியிலும் திட்டுவேன்.

மூன்றாவது வருட முடிவில் குழந்தைகள் நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. இனியும் இழுக்க முடியாது, டெஸ்ஸா நிரந்தரமாக யாரிடம் என்று முடிவு செய்ய வேண்டும். சமூக நலத்துறை டார்லாவின் பெயரைத்தான் சொல்லியிருந்தது. அவள் ஒப்புக்கொண்டால் சட்டப்படிக் காப்பாளர். மாட்டேன் என்றாலோ தயங்கினாலோ குழந்தைக்கு வேறு வீடு தேடுவார்கள்.

செட்டில் எல்லோரும் ஒரே நாளில் வக்கீலாகிவிட்டார்கள். ஒலிப்பதிவாளன் மூன்றாவது சீசன் வழக்கு ஒன்றைச் சொல்லி உதாரணம் காட்டினான். வசனகர்த்தா ஒரு முழு உரையே எழுதிக் கொடுத்தான், இடையில் கண்ணீர் விடும் இடம் உட்பட. கேத்லீன் ஒப்பனை அறையில் அவளை உட்கார வைத்து, எப்படி நிமிர்ந்து நிற்பது, எங்கே மூச்சு விடுவது என்று பழக்கினாள். பிறகு உதவி இயக்குநரைக் கூப்பிட்டு, "நாளைக்கு என் லைட்டுக்கு நானே உக்கார்றேன். டார்லா கோர்ட்டுக்குப் போகட்டும். அனூஷும் கூடப் போகட்டும், இங்க இருந்தா அங்கிய எரிச்சிடுவா" என்றாள். அதற்காக அவளை நான் இன்றைக்கும் ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

நிஜ நீதிமன்றம் எங்கள் செட் மாதிரி இல்லை. தேக்கு மரம் இல்லை, தூண் இல்லை, உயரமான மேடை இல்லை. பல் டாக்டர் அறை மாதிரி ஒரு அறை. நீதிபதி ஓகாவா சிறிய மனிதர். அங்கிக்கு மேலே கழுத்தில் மஃப்ளர், வாயில் இருமல் மிட்டாய். டெஸ்ஸாவை மாடியில் விளையாட்டறையில் விட்டிருந்தோம். டார்லா மேசை முன்னால், குழந்தையின் வக்கீலுக்குப் பக்கத்து நாற்காலியில். நான் பின்னால், சுவரோரம். அம்மாவுக்கென்று வக்கீல் இருந்தார், அம்மா இல்லை. அவள் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

சமூக நலத்துறைப் பெண் அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. ஈரத் தலையோடு, அளவு சேராத வெள்ளைச் சட்டையில், மூச்சிரைக்க ஒரு பெண். டார்லாவின் அதே தாடை.

"மன்னிச்சுக்கோங்க, பஸ்ஸு லேட்டு. நான்தான் டெஸ்ஸாவோட அம்மா."

டார்லா எழுந்தாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளினாள். சுவர் ஓரமாக என் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

யாரும் குரல் கொடுக்காமலே அவள் உடம்பு அதுவாக எழுந்து வந்துவிட்டது. வக்கீல் வெற்று நாற்காலியைப் பார்க்கிறார். சமூக நலத்துறைப் பெண் பேனாவை எடுத்து ஏதோ குறிக்கிறாள். அவள் என்ன எழுதுவாள் என்று எனக்குத் தெரியாதா?

"மிஸ் ஹென்ஷா, எங்க போறீங்க?" என்றார் நீதிபதி. "இந்தப் பொறுப்பு வேணாங்கறீங்களா?"

டார்லாவின் உதடு அசைந்தது. "இல்ல, யுவர் ஆனர்... அவங்க வந்துட்டாங்க."

"யாரு?"

"அம்மா. நிஜ அம்மா."

என்னால் முடியவில்லை. "யுவர் ஆனர், அவ வேலையே அதுதான்!" என்று கத்திவிட்டேன். காவலர் என்னை நோக்கி வந்தார். நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க யாரும்மா?"

"அங்கிக்கு இஸ்திரி போடுறவ, ஐயா." பிறகு கொட்டித் தீர்த்தேன். விளக்கு, நாற்காலி, முதல் அணி, கல்யாணத்தில் என் கொழுந்தன் வரைக்கும். "வேணாம்னு எந்திரிக்கல. ஆறு வருஷமா எந்திரிச்சு எந்திரிச்சு இவளுக்கு உக்காரவே தெரியல!"

"அந்த சீரியலா?" என்றார் நீதிபதி. "என் சம்சாரம் விடாம பாக்குறா. எனக்கு அஞ்சு நிமிஷம் பாத்தாலே பிரஷர் ஏறிடும்."

யாரோ சிரித்தார்கள். ட்வைலா சிரிக்கவில்லை. அவள் அந்த வெற்று நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய வக்கீல் சாய்ந்து, இன்னும் அவகாசம் கேளுங்கள் என்று காதில் சொன்னது எனக்கே கேட்டது. அவள் கேட்டால் கிடைக்காமலும் போகலாம். ஆனால் அவள் வாயைத் திறந்து கேட்டுவிட்டால் டார்லா அந்தச் சுவரைவிட்டு ஒரு அடி நகர மாட்டாள். அது எனக்கு நிச்சயம்.

"நான் இதுல உக்கார வரல, யுவர் ஆனர்," என்றாள் ட்வைலா. "போன வாரம் டெஸ்ஸாகிட்ட போன்ல பேசுனேன். பல்லு விழுந்துடுச்சுன்னா. எந்தப் பல்லுடி செல்லம்னு கேட்டேன். 'டாரைக் கேளுங்க, அவளுக்குத் தெரியும்'னு சொல்லிட்டு வெளையாடப் போயிட்டா. கோவமா சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னா. எனக்கு இன்னும் காலு ஊணல. மறுவாழ்வு இல்லத்துலதான் இருக்கேன். நான் வந்து சொல்லலேன்னா இவ காலம் பூரா எனக்காக எடத்தைப் பிடிச்சுக்கிட்டே இருப்பா. எனக்கு இவளைத் தெரியும். அதான் பஸ் ஏறுனேன்."

நாற்காலியை இழுத்துத் திருப்பி வைத்தாள். "வா டார். உக்காரு."

டார்லா நகரவில்லை. நான் இடுப்பில் குத்தினேன், அப்போதும் நகரவில்லை.

நீதிபதி மிட்டாயைக் கன்னத்தின் மறுபக்கத்துக்கு ஒதுக்கினார். "சட்டத்துக்கு இது போதும். எனக்குப் போதாது. தங்கச்சிக்காகன்னு சொல்லாதீங்க, குழந்தைக்காகன்னும் சொல்லாதீங்க. உங்களுக்கு வேணுமா?"

வசனகர்த்தா எழுதிக் கொடுத்த உரை அவள் கைப்பையில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. நிமிர்ந்தும் நிற்கவில்லை, கேத்லீன் சொன்ன இடத்தில் மூச்சும் விடவில்லை. தங்கையின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு அவ வேணும்," என்றாள். "என்னை மன்னிச்சிடு ட்வைலா. எனக்கு அவ வேணும். திருப்பிக் குடுக்குறதுக்கு இல்ல."

இத்தனை வருடச் சிநேகிதத்தில் தனக்கு ஒன்று வேண்டும் என்று அவள் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். போய் உட்கார்ந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. நீதிபதி கையெழுத்துப் போட்டார். வசனம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் நான் நேராக ட்வைலாவிடம் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இரும்மா, நல்லா இரு" என்றேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அவளுக்காகக் கற்றுவைத்த சொற்கள் எல்லாம் வேறு மாதிரியானவை. பெரிய பரிசு ஒன்றை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, டிக்கெட் வாங்காமல் பஸ் ஏறியவள் மாதிரி மிரண்டு நின்றாள் அந்தப் பெண். அன்றிலிருந்து தேவாலயத்தில் அவள் பெயரில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். அவளுக்கு இது தெரியாது.

மாடியிலிருந்து டெஸ்ஸாவைக் கூட்டி வந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டது குழந்தை. ஓடிவந்து டார்லாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து எட்டிப் பார்த்தது.

"வாயைத் திறந்து அம்மாவுக்குக் காட்டு, கண்ணு," என்றாள் டார்லா.

ட்வைலா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். டெஸ்ஸா பக்கத்தில் போய் வாயை அகலமாகத் திறந்தது.

"கீழ் வரிசையா?" என்றாள் ட்வைலா.

"ஆமா. ஆனா பயப்படாதீங்க, புதுசு வருது. தொட்டுப் பாருங்க, குத்தும்."

ட்வைலா விரலைச் சட்டையில் அழுத்தித் துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தாள்.