பதினோராவது குழி

என் இடது பக்க விலா எலும்பில் மூன்று இடம் கோணலாகத்தான் பொருந்தியிருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் தடவிப் பார்க்கலாம். நான் சொல்லப்போவது கனவும் இல்லை, காய்ச்சலில் கண்டதும் இல்லை. பட்டப்பகலில் என் கண்ணெதிரே நடந்தது.

1979 நவம்பர் 13, செவ்வாய்க்கிழமை. இலங்கையின் மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். புதிதாகக் கன்று நட்ட மலையில் மாடு ஏறாமல் இருக்க முள்கம்பி வேலி போட வேண்டியிருந்தது. பதுளையில் கடை வைத்திருந்த லத்தீப் நானா அந்த வேலையை எடுத்திருந்தார்; எங்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். தூண் குழி தோண்ட, பெட்ரோலில் ஓடும் துளை மெஷின் ஒன்றையும் வாங்கியிருந்தார். நடுவில் எஞ்சின், கீழே மூன்றடி நீளத் திருகு, இரண்டு பக்கமும் கைப்பிடி. எதிரும் புதிருமாக இரண்டு பேர் பிடிக்க வேண்டும்.

நான் பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎலக்காரன். பெயர் ஷுக்ரி. அப்போது வயது இருபத்தாறு. என்னோடு மறுபக்கம் பிடித்தவர் அந்தத் தோட்டத்து இராசையா அண்ணன்.

காலையில் லத்தீப் நானா சொல்லிவிட்டுத்தான் போனார். "ரெண்டு பேரும் ஒண்ணாப் புடிக்கோணும், ஒண்ணா உடோணும். ஒருத்தன் மட்டும் புடிச்சா மெஷின் அவனத் தூக்கி அடிக்கும். தொளதொள சட்டை போட வாணாம். திருகு எதிலயாச்சும் முட்டினா எஞ்சினை நிப்பாட்டிட்டு, அலவாங்கால குத்திப் பாருங்க." அலவாங்கு என்றால் கடப்பாரை.

பத்துக் குழி முடிந்தது. பதினோராவதில் ஓரடி இறங்கியதும் திருகு முட்டியது. உடனே எஞ்சினை நிறுத்தினோம். என் கடிகாரத்தில் மணி 4.10.

"கல்லா வேரான்னு தெரியல தம்பி. அலவாங்கு மேல கெடக்கு, எடுத்திட்டு வாறேன்" என்றார் இராசையா அண்ணன். குளிருக்கு அவர் மாட்டியிருந்த பெரிய கோட்டின் கை, விரல் வரை தொங்கியது. கழற்றச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

அவர் போனதும் மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. குருவிச் சத்தம்கூட நின்றுவிட்டது.

4.22. எதிர்ப்பக்கம் ஆள் வந்து நின்றது. தலையோடு கம்பளி போர்த்தியிருந்தது. குளிருக்குப் போர்த்திக்கொண்டு வருகிறார் என்றுதான் நினைத்தேன். குனிந்து கைப்பிடியைப் பிடித்தது.

"குத்திப் பாக்கலையாண்ணே?"

"வேணாம். இறக்கு."

தொண்டை கட்டிய குரல். கயிற்றை இழுத்தேன். எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. காலையிலிருந்து ஒருமுறைகூட அப்படிப் பிடித்ததில்லை.

திருகு சர்ரென்று இறங்கியது. முட்டிய இடத்தில் இப்போது எதுவுமே இல்லை. சில நொடிகளில் மூன்றடியும் உள்ளே போய்விட்டது. கைப்பிடி என் கணுக்கால் உயரத்துக்கு வந்துவிட்டது; குந்திப் பிடித்திருந்தேன். ஆனாலும் மண் மேலே வந்துகொண்டே இருந்தது. அந்த மலையின் செம்மண் இல்லை. கறுப்பு. சொதசொதவென்று... குவியல் என் முழங்காலைத் தொட்டது. மூன்றடிக் குழிக்கு அவ்வளவு மண் வராது.

அப்போதுதான் எதிரில் இருந்த கைகளைப் பார்த்தேன். எஞ்சின் அதிர்வில் என் கைகள் தோள்வரை நடுங்கின.

அந்தக் கைகள் நடுங்கவில்லை.

விசையை விட்டேன். எஞ்சின் நிற்கவில்லை. சத்தம் இன்னும் ஏறியது.

"இறக்கு."

அந்த நேரம், மேலே தூரத்தில், பனிக்குள்ளிருந்து இராசையா அண்ணனின் குரல்.

"தம்பி... யாரோட மெஷின் ஓட்டுறீங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். கம்பளிக்குள் முகம் இல்லை. மண் இருந்தது. ஈர மண்.

எதிர்ப்பக்கக் கைகள் விட்டன.

கைப்பிடி சுழன்று என் விலாவில் அடித்தது. படக். படக். படக். எலும்பு முறிந்ததை என் காதால் கேட்டேன். பக்கத்துத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தேன். வாயெல்லாம் ரத்தம்.

மெஷின் சாயவில்லை. ஒருவரும் பிடிக்காமல் நேராக நின்றது. திருகு தானே பாதி மேலே எழும்பிச் சுழன்றது.

அண்ணன் ஓடி வந்தார். எஞ்சினை நிறுத்த, பிளக் வயரைப் பிடுங்கக் கை நீட்டினார்.

"வேணாம்ணே... கோட்டு..."

எனக்குக் குரல் வரவில்லை.

கோட்டின் கை திருகில் சுற்றியது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. அவர் முழங்காலில் விழுந்தார். "ஆத்தா" என்று ஒரே ஒருமுறை கத்தினார். பிறகு ஈரத் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம்.

எஞ்சின் தானாக நின்றது.

4.31.

முழங்கைக்குக் கீழே கை இல்லை.

என் இடுப்புச் சாரத்தைக் கிழித்து, அவர் தோளுக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். கத்திக் கத்தி ஆட்களைக் கூப்பிட்டேன். தோட்டத்து லொறியில் இரண்டு பேரையும் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அண்ணன் பிழைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் லத்தீப் நானா என்னைப் பார்க்க வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணன்ட கை கிடைச்சுதா நானா?" என்று நானே கேட்டேன்.

மறுநாள் காலையிலேயே அதை அடக்கம் செய்வதற்காகத் தேடிப் போனார்களாம். மலையில் எங்கேயும் இல்லை. குழிக்குள்தான் விழுந்திருக்கும் என்று டார்ச் அடித்தார்கள். அடி தெரியவில்லை. கல்லைக் கட்டிக் கிணற்றுக் கயிறு ஒன்றை இறக்கினார்கள். முப்பதடி. எட்டவில்லை. அதோடு இன்னொரு கயிற்றை முடிந்து இறக்கினார்கள். அதுவும் எட்டவில்லை.

"புறகு?"

"மேல இழுத்தோம். கல் இல்ல."

"கயிறு அறுந்துட்டா?"

லத்தீப் நானா இல்லை என்று தலையாட்டினார்.

"அறுகல்ல தம்பி. நான்தான் ரெட்டை முடிச்சுப் போட்டேன். அத யாரோ அவுத்திரிக்கி."