பானெட்டுக்குள்ளே பளபளப்பு

என் வீட்டுக்காரர் கோமதிசங்கருக்கு எங்கள் தெருவில் 'பானெட் அண்ணாச்சி' என்று பேர். வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கொதிப்பதற்குள் வாசலுக்கு இழுத்துப்போய், தன் பழைய காரின் பானெட்டைத் தூக்கிக் காட்டிவிடுவார்.

போன சாரல் சீசனின்போது இன்டேக் மேனிஃபோல்ட் மாற்றப்போகிறேன் என்று ஆரம்பித்தார். எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகிற குழாய்கள்தான் அது. இரண்டு வகை பார்த்து வைத்திருந்தார். நீளமும் ஒல்லியுமான குழாய் மெதுவாகப் போகும்போது நன்றாக இழுக்கும். கட்டையும் பருமனுமான குழாய்க்கு வண்டி பறக்கும்போதுதான் உயிர் வரும். இதெல்லாம் அவரே எனக்குச் சொன்னது.

"நாம போறது மார்க்கெட்டுக்கும் ஐந்தருவிக்கும். சீசன்ல அந்த ரோட்டுல வண்டி ஊருதுல்லா? அப்பொ எது வேணும்?" என்றேன்.

"நீளந்தான் சரி. ஆனா பாக்கதுக்கு ஒண்ணுமில்லட்டி, கருப்பா கெடக்கு. மத்தது கண்ணாடி மாதிரி மின்னுது."

"அதுல பாத்துத் தலை சீவப் போறியளா?"

மின்னியதைத்தான் மாட்டினார். ஆலங்குளம் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து, "பறக்குதுட்டி" என்றார். பறந்தது நிஜம்தான்.

அடுத்து அவருடைய அக்கா மகள் மீனாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அக்கா ஒரு புது வண்டியை வாடகைக்குச் சொல்லியிருந்தாள். இவர் அதை வேண்டாமென்று சொல்ல வைத்தார். "தாய்மாமன் நான் கூட்டிட்டு வந்தாத்தானக்கா எனக்கு மரியாதை!"

பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளை ஜெகதீஸ்வரனை மாலையோடு ஏற்றினோம். முன்னால் மேளம், பின்னால் தட்டுகளோடு நாங்கள். மேளக்காரர் நடக்கிற வேகத்தில்தான் அழைப்பு வண்டி போகும். எத்தனை கல்யாணம் பார்த்த மனுஷன்! குழாய் வாங்கும்போது அது மட்டும் மூளைக்கு எட்டவில்லை.

கார் வெட்டி வெட்டி நகர்ந்தது, நின்றது. கிளப்பினார். நாலடி போய் மறுபடி நின்றது. பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. அப்புறம் அது கிளம்பவே இல்லை. மேளக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள்.

மாப்பிள்ளையின் சித்தப்பா தாணு முன்னால் வந்தார். "பானெட்ட தொறங்க அண்ணாச்சி, என்னன்னு பாப்போம்."

என் வீட்டுக்காரர் அசையவில்லை. "வேண்டாம். தொறக்க வேண்டாம்."

"ஏலே மகாராஜா, அப்பொ தள்ளுலே! மாப்பிள்ள எறங்கப்பிடாது" என்று தாணு தங்கள் பக்கத்துப் பையனை ஏவினார்.

"பொண்ணு வீட்டு வண்டிக்கே தாலி கட்டதுக்கு இஷ்டமில்ல போல சித்தப்பா!" என்று தள்ளியவன் கத்தினான். தெருவே சிரித்தது. பத்துப் பேர் செல்போனில் படம் பிடித்தார்கள். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் தட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மண்டப வாசலில் அக்கா ஆரத்தி எடுத்தாள். தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மேடையில் தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். ஆளைக் காணோம். வெளியே போய்ப் பார்த்தால், கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

"உள்ள கூப்பிடுதாவ, வாங்க."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வரட்டும்?"

"இருக்கது ஒண்ணுதான். அதையே கொண்டு வாங்க."

வந்தார். மாப்பிள்ளை மரியாதையாக, "வண்டிக்கு என்ன மாமா, பேட்டரியா?" என்று தப்பிக்க வழி கொடுத்தான்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் தரையைப் பார்த்தார்.

"வண்டி நல்ல வண்டி மாப்ள. நாலு பேரு பாக்கணும்னு ஆகாத சாமானத் தெரிஞ்சே மாட்டுனேன். பாத்துட்டாவ."