பூ முத்திரையுள்ள துப்பாக்கி

துப்பாக்கிக்கு முன் நான் வாங்கியதிலேயே ஆபத்தான பொருள் ஒரு பிரஷர் குக்கர். அதன் விசில் எகிறி அடித்த வடு பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் எங்கள் சமையலறைக் கூரையில் இன்னும் இருக்கிறது. அந்த வடுவுக்குக் கீழே நின்றுதான், வேட்டைக்குப் போகப் போகிறேன், துப்பாக்கி ஒன்று வாங்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். மனைவி அண்ணாந்து வடுவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு வெங்காயத்தைத் தொடர்ந்து வெட்டினார்.

காரணம் மகள். அவள் ஒரு பிரெஞ்சுப் பையனைக் கல்யாணம் செய்வதாக இருந்தாள். பையனில் குறை ஒன்றுமில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். சிக்கல் அவனுடைய தகப்பன். சொம் ஆறு கடலோடு கலக்கிற இடத்தில், சேறும் நாணலுமான ஓர் ஊரில் இருக்கிறார். இரண்டு குடும்பமும் இரண்டு தரம் சேர்ந்து சாப்பிட்டோம். முதல் தரம் அவர் பேசியது “போன்ஜூர்”. இரண்டாம் தரம் அதையும் ஒரு தலையாட்டலாகச் சுருக்கிவிட்டார். அந்த மௌனத்தை நிரப்புவது என் கடமை என்று எடுத்துக்கொண்டு நான் பகிடி விட்டேன். என் பகிடிகள் தமிழிலேயே எல்லோருக்கும் விளங்குவதில்லை. பிரெஞ்சில் ஒவ்வொன்றையும் நானே விளங்கப்படுத்த வேண்டி வந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார், மருத்துவர் நோயாளியைக் கேட்பதுபோல.

இந்த நாட்டில் கல்யாணத்துக்குத் தகப்பன்மாரின் சம்மதம் யாருக்கும் தேவையில்லை. மகளும் அதைக் கேட்கவில்லை. மண்டபத்தின் ஒரு கரையில் நாங்கள், மறு கரையில் அவர்கள், நடுவில் மணப்பெண் மொழிபெயர்த்துக்கொண்டு ஓடித் திரிவது. அந்தக் காட்சிதான் அவளை வருத்தியது. இரண்டு தகப்பன்மாரும் தன் உதவியில்லாமல் பத்து நிமிடம் கதைத்தால் போதும் என்றாள்.

அப்போதுதான் பையன் மூலம் அவனுடைய தகப்பனின் அழைப்பு வந்தது. ஒக்டோபரில் தன்னோடு காட்டுத் தாரா வேட்டைக்கு வரலாமாம். தாரா மட்டுமல்ல, அதிர்ஷ்டம் இருந்தால் அதைவிட இரு மடங்கு பெரிய வாத்தும் வருமாம். தன் சொந்த மச்சானைக்கூட அவர் இப்படிக் கூப்பிட்டதில்லையாம். வழக்கமாக எனக்குப் பிரெஞ்சில் பதில் சொல்கிற மகள் அன்றைக்குத் தமிழுக்கு மாறினாள்.

“அப்பா, அவர் ஒருத்தரையும் ரெண்டாந்தரம் கூப்பிட மாட்டாராம். போங்கோ. ஆனா பகிடி விடாதேங்கோ.”

முதல் பாதி எனக்குச் சுலபமாகப் பட்டது.

வேட்டைக்குச் சோதனை எழுதி அனுமதி எடுக்க வேண்டும். எந்தப் பறவையைச் சுடலாம், எதைச் சுட்டால் நீதிமன்றம் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் நான் அவளிடம் வாய்ப்பாடு கேட்டதுபோல மகள் என்னிடம் பறவைகளைக் கேட்டாள். பிழையாகச் சொன்னால், அப்போது நான் போட்ட அதே சத்தத்தை அச்சொட்டாகப் போட்டாள். பாஸ் பண்ணிவிட்டேன். சுடக் கூடாத பறவைகளை இன்றைக்கும் எவ்வளவு தூரத்திலும் அடையாளம் காட்டுவேன்.

இனித் துப்பாக்கி. மனைவி மூன்று நாள் யோசித்து ஒரேயொரு நிபந்தனை சொன்னார்: போன வருடம் வாங்கிய உடுப்புத் தோய்க்கிற மெசினின் விலையை அது தாண்டக் கூடாது.

நான் பாரிசில் ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் ஒரு பயண முகவர் நிலையத்தில் விமான டிக்கெட் விற்கிறேன். பக்கத்துக் கடையில் போன் திருத்துகிற அண்ணை, தன்னிடம் கேட்கப்படாத எல்லாவற்றுக்கும் யோசனை வைத்திருப்பவர். இரண்டு குழல் துப்பாக்கியில் இரண்டு வகை உண்டு, குழல்கள் பக்கம் பக்கமாக இருப்பது ஒன்று, ஒன்றின்மேல் ஒன்று இருப்பது மற்றது என்று நான் சொல்லி முடிக்க முன்பே அவருக்கு முடிவு வந்துவிட்டது.

“ஒண்டுக்கு மேலை ஒண்டு இருக்கிறதை எடும், தம்பி.”

“ஏன் அண்ணை?”

“மற்றதைப் பக்கத்திலை நிண்டு படம் எடுத்தா ஒரு குழல்தான் தெரியும். குடுத்த காசுக்கு ரெண்டும் தெரியோணும்.”

ஆனால் இணையத்தில் அவரே தேடிப் பிடித்துத் தந்தது பக்கம் பக்கமான ஒரு பழைய துப்பாக்கி. மெசினின் விலையில் பாதி. விலையைக் கண்டதும் படத்தைப் பற்றிய கொள்கையை அவர் கைவிட்டார்.

என் தொழிலில் நாள் முழுக்க நான் சொல்வது ஒன்றுதான்: மலிவு என்று எடுக்காதீர்கள், பெட்டிக்குத் தனியாக, சாப்பாட்டுக்குத் தனியாக, இருக்கைக்குத் தனியாகக் காசு கட்டி, கடைசியில் அதுதான் விலை கூடின டிக்கெட். ஆகவே, வடக்கே ஒரு சிறு நகரத்தில் இருந்த துப்பாக்கிக் கடைக்குப் போய் நான் முதலில் கேட்டது, இருக்கிறதிலேயே மலிவானது எது என்பதை.

கடை நடத்தியவர் நரைத்த தலைமயிரை இறுகக் கட்டிய ஒரு பெண்மணி. போனில் இருந்த பழைய துப்பாக்கியின் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். சதுப்பு நிலத்தில் இப்போது ஈயக் குண்டு சுட முடியாது, சட்டம் தடுத்துவிட்டது என்றார். சிந்திக் கிடக்கிற ஈயத்தைப் பறவைகள் விழுங்கி நஞ்சேறிச் சாகின்றனவாம். நாங்கள் சுடப் போகிற தாராவின் உடல்நலத்தில் சட்டத்துக்கு இவ்வளவு அக்கறை இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. ஈயத்துக்குப் பதில் உருக்குக் குண்டு, அது கடினம், பழைய குழல் தாங்குமென்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். உருக்குக்குச் சோதித்த குழலில் ஒரு சின்ன லில்லிப் பூ முத்திரை குத்தியிருக்கும், அது இல்லாததை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள் என்றார்.

மூன்று தரம் தொடர்ந்து சுடுகிற வகையைக் காட்டினார். எனக்கு ஆசை வந்தது. முதல் இரண்டையும் தவறவிட்டாலும் மூன்றாவதைத் தவறவிட ஒரு வாய்ப்பு. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சேற்றுக்கும் உப்புத் தண்ணீருக்கும் போய் வந்த ஒவ்வொரு தரமும் இதை உள்ளே வரை கழற்றித் துடைக்க வேண்டும், துடைப்பீர்களா என்று கேட்டார். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை நினைத்துக்கொண்டு, இல்லை என்றேன். பெரிய வாத்துக்கென்றே நீளத் தோட்டா போடுகிற ஒன்றை எடுத்து என் தோளில் வைத்தார். அதன் உதையைப் பற்றிச் சொல்லிவிட்டுத் தானே திருப்பி எடுத்துக்கொண்டார். நடுத்தரத் தோட்டாவே போதும். வாத்து தூரத்தில் பறந்தால் சுடாமல் இருங்கள், அதற்குச் செலவில்லை என்றார்.

கடைசியில் கிடைத்தது ஒன்றின்மேல் ஒன்றான இரண்டு குழல், பன்னிரண்டாம் அளவு, ஒருவர் பாவித்தது, மழை பட்டாலும் கவலையில்லாத கறுப்புப் பிளாஸ்டிக் பிடி. பிடி சற்று நீளம், கொஞ்சம் வெட்டித் தருகிறேன் என்றார். நான் குள்ளம் என்பதை இவ்வளவு மரியாதையாக ஒருவரும் சொன்னதில்லை. குழலின் அடியில் பூவும் இருந்தது. விலை, மெசினுக்கு மயிரிழை கீழே. தான் சொன்ன வகைதான் என்று போன்கடை அண்ணை இன்றுவரை பெருமைப்படுகிறார்.

வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும், அல்லது கழற்றி வைக்க வேண்டும் என்பது சட்டம். மனைவி இரண்டையும் செய்யச் சொன்னார். மூன்று துண்டாகக் கழற்றி இரும்புப் பெட்டியில் பூட்டினேன். என்னிடம் இருந்தால் தொலையும் என்று சாவியை மனைவி எடுத்துக்கொண்டார். தோட்டாக்களுக்கு வேறு பூட்டு. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் கூட்டினார், அதைத் தொடவில்லை. பூ முத்திரையை ஒருநாள் காட்டிப் பார்த்தேன். ஒரு தரம் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பினார்.

சம்பந்தி, அந்த உரிமை அப்போது வராவிட்டாலும் அப்படியே சொல்கிறேன், ஒரு சனிக்கிழமை பாரிசுக்கு மகனைப் பார்க்க வருவதாகவும், மத்தியானம் என்னை வீட்டில் ஏற்றிக்கொண்டு போவதாகவும் செய்தி வந்தது. நவராத்திரி நேரம் என்பதால் வேலையிடத்துக் கலண்டரைப் பார்த்தேன். வெள்ளி சரஸ்வதி பூசை, சனி விஜயதசமி. நல்லதாய்ப் போயிற்று என்று ஒப்புக்கொண்டேன். மனைவியிடம், “விஜயதசமியண்டு போறன்,” என்றேன். “ஓம்,” என்றார்.

வெள்ளி வீட்டுக்குப் பிந்தி வந்து படுத்தேன். சனி காலை அரைநாள் வேலைக்கு ஓடினேன். மத்தியானம் திரும்பியபோது வாசலில் சேறு காய்ந்த பெரிய சப்பாத்து ஒரு சோடி. சம்பந்தி முதல் தரமாக எங்கள் வீட்டுக்கு வந்து, சொக்ஸோடு வரவேற்பறையில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் மகள். இருவருக்கும் முன்னால் சரஸ்வதி படம். படத்தின் கீழே வெள்ளைத் துணியில் புத்தகங்கள், மகளின் மடிக்கணினி, மனைவியின் கத்தரிக்கோல், மிக்ஸி, நடுவில் என் துப்பாக்கி, மூன்று துண்டாக. ஒவ்வொரு துண்டிலும் சந்தனம். குழலுக்கு ஒரு செவ்வந்தி மாலை. லில்லிப் பூ முத்திரையின் மேல் கச்சிதமாக ஒரு குங்குமப் பொட்டு. வீட்டில் துப்பாக்கியை எப்படி வைக்க வேண்டும் என்ற சட்டம் மாலையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

எங்களவர்களுக்குத் தெரிந்ததுதான். பூசையில் வைத்த கருவியை விஜயதசமிக் காலையில் தீபம் காட்டித்தான் எடுக்கலாம். அதுவரை தொடக் கூடாது. மனைவியைச் சமையலறைக்குள் கூப்பிட்டேன்.

“இண்டைக்கெல்லோ விஜயதசமி?”

“ஆர் சொன்னது? இண்டைக்குத்தான் பூசை. நாளைக்கு விஜயதசமி.”

“கடைக் கலண்டரிலை இண்டைக்கெண்டுதான் கிடக்கு.”

“அப்ப கடையிலை போய்க் கும்பிடுங்கோ. இஞ்சை கோயில் கலண்டர்.”

எங்களிடம் பஞ்சாங்கம் இரண்டு. ஒன்றின் கணக்கை மற்றது ஒத்துக்கொள்வதில்லை. என் வேலையிடத்தில் தொங்கியது பலசரக்குக் கடைக்காரர் தந்தது. சமையலறையில் தொங்கியது கோயில் தந்தது. ஒரு நாள் இடைவெளியில் நான் விழுந்துவிட்டேன்.

பிறகு மனைவி சொன்னதுதான் என்னை அசையவிடாமல் செய்தது. “சேத்துக்கையும் தண்ணிக்கையும் போறியள். ஒண்டும் நடக்கக் கூடாதெண்டுதான் வைச்சனான்.”

அந்தத் துப்பாக்கியை மனைவி முதல் தரமாகத் தொட்டது அன்றைக்குத்தான். அதை எடுத்தால் மனைவிக்கு என்ன பதில்? எடுக்காவிட்டால், இரண்டாந்தரம் கூப்பிடாத மனிதருக்கு என்ன பதில்? வரவேற்பறைக்குத் திரும்பினேன். வாயில் நாலைந்து பகிடிகள் வரிசையில் நின்றன. மகள் என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு சம்பந்தியின் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு ஆண்கள் ஒரு மிக்ஸியைப் பார்த்தபடி பேசாமல் நின்றோம். எனக்கு அது புது அனுபவம். அவருக்குப் பழக்கமானது.

கொஞ்ச நேரம் போனதும் அவர் மகளிடம் ஏதோ கேட்டார். கருவிகளுக்கு இன்று ஓய்வு, நாளை காலைதான் எடுக்கலாம் என்று அவள் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கார்க் கதவின் சத்தம் கேட்டது. மகள் கதிரையில் இருந்துவிட்டாள். அழவில்லை, மாலையிலிருந்து விழுந்த ஓர் இதழைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பி வந்தார். கையில் ஒரு நீளமான தோல் பை. திறந்தார். உள்ளே அவருடைய துப்பாக்கி, அதுவும் கழற்றியபடி. என்னைப் பார்த்து, மகளை அல்ல, என்னைப் பார்த்துச் சொன்னார்.

“என்னுடையதன் குண்டு இரண்டு வேட்டைப் பருவமாக எதிலும் படவில்லை. அதுவும் களைத்திருக்கும். இடம் இருக்குமா?”

நான் மனைவியிடம் சொன்னேன். மனைவி மிக்ஸியைத் தள்ளி வைத்தார். சந்தனம் பூசினார். பிறகு குனிந்து அதன் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதிலை பூ எங்கை?”

சம்பந்தி விரலால் காட்டினார். பொட்டு வைத்தாயிற்று.

அன்றைக்கு அவர் மகன் வீட்டுக்குத் திரும்பவில்லை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. பூசை முடிந்து அவல், கடலை, வடை. கடைக் கலண்டர், சமையலறைக் கலண்டர் கதையை அவருக்குச் சொன்னேன். மூன்றாவது வடையோடு தாராக்கள் எந்தக் காற்றில் எந்தப் பக்கமாக இறங்கும் என்று சொல்லத் தொடங்கினார். பாதிதான் விளங்கியது. விளங்காத பாதிக்கும் நான் தலையாட்டினேன். அதை அவரிடமிருந்துதான் படித்திருந்தேன். மகள் உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். நாங்கள் அவளைக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை தீபம் காட்டி எடுத்துக்கொண்டு போனோம். அந்தி நேரம் நாணலுக்குள் முழங்கால் சேற்றில் நின்றோம். அவருக்கு ஒரு தாரா விழுந்தது. பெரிய வாத்துகள் தூரத்தில் போயின. கடைப் பெண்மணி சொன்னபடி செலவில்லாமல் விட்டுவிட்டேன். கிட்ட வந்த தாராவைப் பார்த்து இரண்டு குழலையும் சுட்டேன். வானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சம்பந்தி தன் தாராவைப் பையில் போட்டார். காரில் ஏறின பிறகு, “அடுத்த வருடம்,” என்றார்.

கல்யாண மண்டபத்தில் அவர் எங்கள் கரையில்தான் இருந்தார், வடைத் தட்டுக்குக் கிட்ட.

இந்தச் செப்டெம்பரில் வேலையிடத்தில் இருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. பூசை எந்த நாள், அதைப் பார்த்துத் தான் நாள் குறிக்க வேண்டும் என்றார். நான் அண்ணாந்து சுவர்க் கலண்டரைப் பார்த்துத் திகதியைச் சொல்லத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார்.

“அது கடையுடையதா, சமையலறையுடையதா?”